இரு நாடுகளின் பலகைக் கணக்கு: இறக்குமதி வரைபடத்தை வாசிப்பது எப்படி?

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுவது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பகுதியில், ஆரணியாற்றங்கரைப் பக்கம். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்கு முன்பே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகும் கம்பெனி வேன்கள் கிளம்பிவிடும். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ அம்மாவோ அந்த வேன்களில் ஒன்றில் இருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பொருளியலில் உலகமயமாதலும் வர்த்தகமும் பற்றிய பாடம் இருக்கிறது. இறக்குமதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கச்சா எண்ணெய், தங்கம் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டையும் அவர்கள் துறைமுகத்தில் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிந்த ஒரு பொருளை எடுத்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் வட்டாரத்தில் பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு செய்யும் ஆலைகள் உண்டு. சவுக்குக் கட்டை ஏற்றிய லாரிகளும் துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளும் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. அதனால் பலகையையே எடுத்துக்கொண்டேன்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ., 1961 முதல் ஒவ்வொரு நாடும் எவ்வளவு மரம், பலகை, காகிதம் உற்பத்தி செய்தது, வாங்கியது, விற்றது என்ற கணக்கைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் அமர்ந்து இந்தியா, ஜப்பான் இரண்டு நாடுகளின் மரப்பலகை இறக்குமதியைக் கோட்டு வரைபடமாக எடுத்தேன். ஜப்பானின் கோடு 1980களின் நடுப்பகுதி வரை தாழ்வாக வந்து, அதன்பின் செங்குத்தாக ஏறி, 1990களில் உச்சியில் ஏற்ற இறக்கத்தோடு நின்று, 2000க்குப் பிறகு இறங்குகிறது. இந்தியாவின் கோடு பல பத்தாண்டுகள் அடி அச்சோடு ஒட்டிக் கிடந்து, கடைசிப் பகுதியில்தான் தலை தூக்குகிறது.

இந்த வரைபடத்தை வைத்து வகுப்புத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கேட்டேன். 'ஜப்பானின் கோடு உயர்ந்தும் இந்தியாவின் கோடு தாழ்ந்தும் இருப்பதன் காரணம் என்ன?' நான் எதிர்பார்த்த விடை: ஜப்பான் பணக்கார நாடு, வீடுகள் அதிகம் கட்டுகிறார்கள், அங்கே காடு குறைவு. பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், 'ஜப்பான் முதலில் மரத்தைத் தடியாக வாங்கியிருக்கும். தடி விற்ற நாடு இனிமேல் பலகையாகத்தான் தருவேன் என்று சொல்லியிருக்கும்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் ஒரு சுழியம் போட்டு, பக்கத்தில் 'கற்பனை' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவளுடைய அப்பா வந்திருந்தார். பிளைவுட் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சார், பாப்பா எழுதுனது தப்பா சார்? நான் சொல்லித்தான் எழுதுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பர்மாவுலேருந்து கர்ஜன் தடி வரும் சார். முழுத் தடி, கட்டிப் பிடிச்சா கை எட்டாது. அப்புறம் அந்த நாட்டுல தடிய வெளிய விடக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. இப்ப உரிச்ச தோலாத்தான் வருது, கட்டுக் கட்டா. ஜப்பானுக்கும் அப்படி ஏதாவது ஆகியிருக்கும்னு சொன்னேன்."

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். அவர் சொன்னது இம்மி பிசகாமல் சரி. என் விடைக்குறிப்புதான் தவறு.

முதல் தவறு மிக எளியது. ஜப்பானில் காடு குறைவு இல்லை. அந்த நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு. நம் நாட்டில் காடும் மரப்போர்வையும் சேர்ந்தே நான்கில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. நிலவரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே அந்த வரியை நான் எழுதியிருக்க மாட்டேன். ஜப்பானியர் போருக்குப் பின் மலைச்சரிவுகளில் பெருமளவில் நட்ட சுகி மரங்கள் 1960களில் இளங்கன்றுகள். பலகைக்கு வெளியிலிருந்து மரம் வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தடிகளாக வாங்கித் தங்கள் ஆலைகளில் உரித்து ஒட்டிப் பிளைவுட் ஆக்கினார்கள். மரம் வெளிநாட்டது, பலகை உள்நாட்டது. அதனால்தான் பலகை இறக்குமதிக் கோடு அக்காலத்தில் தாழ்வாக இருந்தது. மரம் வாங்காததால் அல்ல.

இந்தோனேசியா 1980இல் தொடங்கித் தடி ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைத்து 1985இல் முழுமையாகத் தடை செய்தது. தடியை விற்றுவிட்டு அடுத்தவன் பலகை செய்து லாபம் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தானே ஆலை வைத்துப் பலகையாக விற்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. பருத்தியை அனுப்பிவிட்டுத் துணியை வாங்கிய நம் காலனியக் கதையைப் பாடத்தில் நடத்தும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலப் பிளைவுட் ஏற்றுமதியாளராக இந்தோனேசியா மாறியது. அந்தப் பலகையில் பெரும்பகுதி போன இடங்களில் ஒன்று ஜப்பான். வரைபடத்தில் செங்குத்தாக ஏறும் அந்தப் பகுதி இதுதான்.

நான் எதிர்பார்த்த 'வீடு கட்டுதல்' என்ற காரணத்தை முற்றிலும் தள்ளவும் முடியாது. 1985க்குப் பிறகு ஜப்பானிய யென்னின் மதிப்பு வேகமாக உயர்ந்து, வெளிநாட்டுப் பொருள் அவர்களுக்கு மலிவானது. அதே ஆண்டுகளில் வீடு கட்டுவதும் சூடு பிடித்தது. 1997 ஏப்ரலில் நுகர்வு வரி 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர இருந்தது. அதற்கு முன்பே வீட்டைக் கட்டிவிடப் பலர் முந்திக்கொண்டார்கள். 2011 மார்ச்சில் வந்த ஆழிப்பேரலை, வடகிழக்குக் கடற்கரையில் இஷினோமாகி போன்ற ஊர்களிலிருந்த பிளைவுட் ஆலைகளை நாசமாக்கியது. அந்த ஆண்டு வெளிநாட்டுப் பலகையைக் கூடுதலாக நாட வேண்டியதாயிற்று. 2004 சுனாமியைப் பற்றிப் பழவேற்காட்டு உறவினர்களிடம் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மேட்டை நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2000க்குப் பிந்தைய இறக்கத்துக்கும் காரணம் உண்டு. அன்று நட்ட சுகி மரங்கள் வெட்டும் பருவத்துக்கு வந்தன. ஆலைகள் உள்நாட்டு ஊசியிலை மரத்தை உரிக்கும் இயந்திரங்களுக்கு மாறின. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைச்சரிவில் நட்ட கன்று, இன்று ஒரு வரைபடத்தின் கோட்டை வளைக்கிறது.

இனி நம் கோட்டுக்கு வருவோம். அது அடியிலேயே கிடந்ததால், இந்தியா தன் மரத்தைக் கொண்டே சமாளித்தது என்று எண்ணத் தோன்றும். நானும் வகுப்பில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னேன். ஓரளவு உண்மைதான். 1988 தேசிய வனக் கொள்கை, காட்டு மரத்தைச் சலுகை விலையில் ஆலைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காட்டு மர வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அசாம், அருணாசலப் பிரதேசம் பக்கம் காட்டு மரத்தை நம்பி இயங்கிய பிளைவுட் தொழில் நிலைகுலைந்தது. தொழில் விவசாயிகளின் மரத்தை நோக்கி நகர்ந்தது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லர், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரம், பல இடங்களில் தைலமரம். நம் ஊர்ச் சவுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒன்று.

ஆனால் பலகையின் மேல் முகம்? அங்கேதான் அந்த அப்பா சொன்ன கர்ஜன் வருகிறது. உள்ளே இருக்கும் அடுக்குகள் நம் தைலமரமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் மேல் அடுக்கு வழவழப்பாக, கணுவின்றி இருக்க வேண்டும். அதற்கு மியான்மர் காட்டின் கர்ஜன் தடி வந்தது. தடிக்குக் குறைவாகவும் பலகைக்குக் கூடுதலாகவும் சுங்க வரி இருந்ததால், தடியாகக் கொண்டுவந்து இங்கே உரிப்பதே ஆலைகளுக்குக் கட்டுப்படியானது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. இந்திய நிறுவனங்கள் சில மியான்மரிலேயே உரிக்கும் ஆலைகளைத் தொடங்கின. 2010இல் இதே போன்ற தடையைக் கொண்டுவந்த ஆப்பிரிக்க நாடான காபோனுக்கும் சிலர் போனார்கள். அதன்பின் தடிக்குப் பதில் உரித்த தோல், அதாவது வெனீர், கட்டுக் கட்டாக வரத் தொடங்கியது.

இந்தோனேசியா 1985இல் செய்ததை மியான்மர் 2014இல் செய்தது. ஜப்பானுக்கு நடந்ததுதான் நமக்கும் நடந்தது. ஆனால் ஜப்பானுக்கு நடந்தது வரைபடத்தில் மலைபோல் தெரிகிறது, நமக்கு நடந்தது தெரியவே இல்லை. ஏன்?

விடை 'மரப்பலகை' என்ற தலைப்புக்குள் இருக்கிறது. எஃப்.ஏ.ஓ. இன்று இந்தத் தலைப்பின் கீழ் பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, ஓ.எஸ்.பி., எம்.டி.எஃப். போன்ற நார்ப்பலகைகள் ஆகியவற்றைச் சேர்க்கிறது. வெனீர் தனி இனம். தடி வேறோர் இனம். ஜப்பானுக்குத் தடி நின்றபோது பிளைவுட்டாக வந்தது. அது 'மரப்பலகை'க்குள் விழுந்தது. நமக்குத் தடி நின்றபோது வெனீராக வந்தது. அது வெளியே விழுந்தது. இரண்டு நாடுகளிலும் வெளிநாட்டு மரம் வீட்டு அலமாரிக்குள் போகிறது. ஒரு நாட்டின் கோட்டில் அது ஏறுகிறது, இன்னொன்றில் ஏறவில்லை. இறக்குமதிக் கோடு சொல்வது ஒரு பொருள் எந்த வடிவத்தில் எல்லையைத் தாண்டியது என்பதைத்தான். எவ்வளவு பயன்பட்டது என்பதை அது தனியாகச் சொல்லாது. பலகையை நாற்காலியாகவோ கட்டிலாகவோ செய்து அனுப்பினால் அது அறைகலன் கணக்குக்குப் போய்விடும், பலகைக் கோட்டில் வராது.

இன்னொரு சிக்கல். பழைய எஃப்.ஏ.ஓ. ஆண்டேடுகளில் வெனீரையும் மரப்பலகைக்குள் சேர்த்தே கூட்டியிருப்பார்கள். பின்னர்தான் பிரித்தார்கள். அச்சுப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணையும் இணையதளத்திலிருந்து மற்றோர் எண்ணையும் எடுத்து ஒரே கோட்டில் ஒட்டினால், எந்தத் துறைமுகத்திலும் நடக்காத ஒரு சரிவு நம் வரைபடத்தில் நடந்துவிடும்.

சமீப ஆண்டுகளில் நம் கோடு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, பிளைவுட் ஆகியவை நேராகவே வருவது. 2025இல் பலகைகளுக்கு இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை நடைமுறைக்கு வந்திருக்கிறது. இறக்குமதிப் பலகைக்கும் அது பொருந்தும். அடுத்த சில ஆண்டுகளின் புள்ளிகளைக் குறிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வகுப்பில் என் விடைக்குறிப்பு தவறு என்று சொல்லிவிட்டு, அந்த மாணவியின் தாளை வாங்கிச் சுழியத்தை அடித்து இரண்டு மதிப்பெண் போட்டேன். 'கற்பனை' என்ற சொல்லை அடிக்கத்தான் கூச்சமாக இருந்தது. அவளுடைய அப்பாவை வகுப்புக்கு அழைத்தோம். ஒரு நாள் விடுப்பில் இருந்தபோது வந்தார். கையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் வெட்டுத் துண்டு ஒன்று, செய்தித்தாளில் சுற்றிய வெனீர் தோல் ஒன்று. தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிந்தது. பென்சில் சீவும்போது சுருள் வருவது போலத்தான், தடியை வேகவைத்துச் சுழலவிட்டு நீளக் கத்தியில் உரிப்போம் என்றார். பலகையில் எத்தனை அடுக்கு என்று எண்ணச் சொன்னார். யார் எண்ணினாலும் ஒற்றைப்படையாகவே வந்தது. நடு அடுக்குக்கு இருபுறமும் சமமாக அடுக்கினால்தான் பலகை வளையாது என்பதால் அப்படி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒற்றை, இரட்டை எண் நடத்தும்போது ஆசாரியிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எஃப்.ஏ.ஓ. கணக்கு கன மீட்டரில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது வெறும் சொல். எனவே கடையில் விற்கும் எட்டுக்கு நாலு அடிப் பலகையை எடுத்துக்கொண்டோம். 2.44 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம், 0.018 மீட்டர் தடிமன். பெருக்கினால் 0.0536 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 18 முழுப் பலகையும் கொஞ்சம் மிச்சமும். ஓர் ஆசாரி எங்கள் பகுதி வீட்டுக்கு அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டி எல்லாம் செய்யச் சுமாராக இவ்வளவு பலகை கேட்பார் என்று ஒரு பையன் சொன்னான். அதன்பின் 'ஆயிரம் கன மீட்டர்' என்பது அவர்களுக்கு ஆயிரம் வீடாக மாறியது.

ஆள் ஒன்றுக்கு என்று வகுத்துப் பார்ப்பதையும் விடக்கூடாது. 1961இல் இந்தியாவின் மக்கள்தொகை 43.9 கோடி, ஜப்பானில் ஒன்பது கோடிக்குச் சற்று மேல். நாம் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. 2011இல் நாம் 121 கோடி, அவர்கள் 12.8 கோடிக்கு அருகில். ஒன்பது மடங்குக்கு மேல். எனவே எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணால் வகுத்தால் கோடு பொய் சொல்லும். அந்தந்த ஆண்டின் மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரின் பாடவேளை ஒன்றை இதற்காகக் கடன் வாங்கினேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அச்சு வரைவதிலும் கவனம் வேண்டும். ஒரே அச்சில் வரைந்தால் இந்தியக் கோடு தரையில் படுத்துவிடுகிறது. அழகுக்காக இரண்டு பக்கமும் இரண்டு அச்சு வைத்தால், இரு நாடும் சமமாக வாங்குவது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. நாங்கள் இரண்டு தனித்தனி வரைபடமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஆண்டுகள் நேருக்கு நேர் வரும்படி வரைந்தோம். இன்னொன்று, எண்களுக்குப் பக்கத்தில் எஃப்.ஏ.ஓ. சிறு எழுத்துக்குறிகள் இட்டிருக்கும். அரசு தந்த எண்ணா, மதிப்பீடா என்பதை அவை காட்டும். தொடர்ந்து சில ஆண்டுகளுக்கு அதே எண் மாறாமல் வந்தால் அந்தக் குறியைப் பார்க்காமல் நகர வேண்டாம்.

வினாவையும் மாற்றினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'ஜப்பானின் கோடு 1985க்குப் பின் ஏறுகிறது. இதற்கு மூன்று நாடுகளில் நடந்திருக்கக்கூடிய காரணங்களை எழுதுக. அவற்றைச் சரிபார்க்க வேறு எந்தப் பொருளின் கணக்கைப் பார்ப்பாய்?' திருத்துவது முன்பைவிடக் கடினம், விடைக்குறிப்பில் இல்லாத விடைகள் வருகின்றன.

வெனீர் தோலை அந்த அப்பா திருப்பி வாங்கவில்லை. மாணவர்கள் அதைச் சுவரில் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். அந்த மாணவி வந்து நின்றாள். "சார், வாங்குற நாட்டுக் கோடு ரெண்டும் இருக்கு. வித்த நாட்டுக் கோடு இல்லையே?" என்றாள். அடுத்த பாடவேளையில் ஆய்வகத்துக்குப் போய் இந்தோனேசியாவின் பிளைவுட் ஏற்றுமதியைத் திறந்தோம். அவள் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வந்து, 1985ஐத் தாண்டியதும் அளவுகோலை எடுக்கப் போனாள். தாளின் உயரம் போதவில்லை, மேலே இன்னொரு தாளை ஒட்ட வேண்டியிருந்தது.